கல்லூரி கொயரோடு வெளிநாடு போகிறீர்களா? பெங்களூர் வீடுகளில் எழும் கேள்விகள்

பெங்களூரில் ஒரு கிறிஸ்தவக் கல்லூரியின் கொயருக்கு, அதாவது பாடகர் குழுவுக்கு, பயண ஏற்பாடுகளைப் பார்த்துக்கொடுப்பது என் வேலைகளில் ஒன்று. வெளிநாட்டுப் பயணம் என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டிய அன்று சாயங்காலமே ஃபிரேசர் டவுன், காக்ஸ் டவுன், லிங்கராஜபுரம் என்று நாலா பக்கமிருந்தும் போன் வர ஆரம்பித்துவிடும். கேள்விகள் வருடா வருடம் ஒன்றேதான், கேட்பவர்கள்தான் வேறு. அதனால் எழுதியே வைத்துவிட்டேன். எங்களுக்கு அழைப்பு அதிகம் வருவது ஜெர்மனியிலிருந்து என்பதால் உதாரணங்களும் பெரும்பாலும் அந்த ஊர்தான்.

நம்மை யார் கூப்பிடுகிறார்கள்?

பெரும்பாலும் ஏதாவது ஒரு சபை. நம் சபைக்கோ கல்லூரிக்கோ அங்கே ஒரு கூட்டுச் சபை இருக்கும், அவர்கள் ஆயர் இங்கே வந்து போயிருப்பார், "அடுத்த முறை நீங்கள் வாருங்கள்" என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார். அப்புறம் திருவிழாக்கள். ஜெர்மன் சுவிசேஷ சபையார் 1949 முதல் நடத்தும் கிர்ஷென்டாக் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வரும். 2025-இல் ஹனோவரில் நடந்தது, அடுத்தது 2027-இல் டுசல்டார்ஃபில். வேல்ஸ் நாட்டு லாங்கோலனில் 1947-இல் தொடங்கிய சர்வதேச இசை விழா ஜூலை மாதம் நடக்கிறது. 2000-இல் ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரில் தொடங்கிய உலக கொயர் போட்டியும் உண்டு.

போட்டிக்கு வாருங்கள் என்று மெயில் வந்தால் துள்ளிக் குதிக்காதீர்கள். நுழைவுக் கட்டணம், தங்கும் செலவு எல்லாம் நம் தலையில்தான் விழும். முதல் பயணம் ஒரு கூட்டுச் சபையின் அழைப்பில் அமைவதே நல்லது என்பது என் கருத்து. வீட்டில் வைத்துச் சோறு போடுகிறவர்கள் முன்னால் பாடுவதும் நடுவர்கள் முன்னால் பாடுவதும் ஒன்றல்ல.

ஜெர்மனிக்குப் போய் பாக் பாடாமல் தமிழ்ப் பாட்டா பாடுவது?

இது மாணவர்கள் கேட்கும் கேள்வி. சில கொயர் மாஸ்டர்களும் கேட்பதுண்டு. பாக் அந்த நாட்டுப் பெரிய இசையமைப்பாளர், அவர் பாட்டு ஒன்று பாடுங்கள், மரியாதைக்கு. அதற்காக அவர்கள் நம்மைக் கூப்பிடவில்லை. லைப்ஸிக் நகரில் புனித தோமா ஆலயச் சிறுவர் கொயரின் வரலாறு 1212-இல் தொடங்குகிறது. பாக் 1723 முதல் 1750-இல் சாகும்வரை அந்த ஆலயத்தில்தான் இசைப் பொறுப்பில் இருந்தார். அந்த ஊர் ஜனங்கள் வாரா வாரம் கேட்கிற இசையை நாம் மூன்று மாதம் பிராக்டீஸ் செய்து கொண்டுபோய்ப் பாடினால், "ரொம்ப நன்றாக இருந்தது" என்று புன்னகையோடு சொல்லிவிட்டு காபி குடிக்கப் போய்விடுவார்கள்.

அதே இடத்தில் ஒரு கீர்த்தனையை எடுத்தால் கதை வேறு. ஜெர்மனியின் ஹாலே நகரில் படித்த மிஷனரி சீகன்பால்கு 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் இறங்கினார். 1715-இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சில் வந்தது. அவருக்கு அடுத்த தலைமுறையில் ஹாலேயிலிருந்தே வந்த மிஷனரி ஷுவார்ட்ஸ் ஐயர் தஞ்சாவூரில் வளர்த்த பிள்ளைகளில் ஒருவர்தான் வேதநாயக சாஸ்திரியார் (1774–1864). நம் ஆலயங்களில் இன்றைக்கும் பாடும் கீர்த்தனைகளில் எத்தனையோ அவருடையவை. ஹாலேயில் உள்ள ஃபிராங்கே நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்தில் தரங்கம்பாடிக் காலத்துத் தமிழ் ஓலைச்சுவடிகள் இன்றும் இருக்கின்றன. ஆக அந்த ஊரில் சாஸ்திரியார் கீர்த்தனை ஒன்றைப் பாடும்போது நாம் வேற்றூர் விருந்தாளிகள் அல்ல. வாங்கிய கடனுக்கு வட்டி கொண்டுவந்தவர்கள். பாட்டுக்கு முன்னால் இந்தக் கதையை இரண்டே நிமிடத்தில் சொல்ல ஒரு பிள்ளையைத் தயார் செய்யுங்கள். நிகழ்ச்சி முடிந்ததும் வயதானவர்கள் தேடிவந்து பேசுவது அந்தப் பிள்ளையிடம்தான்.

என் கணக்கு இது: மூன்றில் ஒரு பங்கு ஐரோப்பிய இசை, மீதி நம்முடையது. நம்முடையது என்றால் தமிழ் மட்டுமல்ல, கன்னடம், மலையாளம், மிசோ எல்லாம்தான். கூட்டுச் சபையின் கொயரோடு சேர்ந்து பாட ஒரு பாட்டு வையுங்கள். நம் வரிகளை அவர்கள் எழுத்தில் எழுதி, நோட்டோடு இரண்டு மாதம் முன்பே அனுப்பிவிடுங்கள்.

கொயரில் பாதிப் பேருக்குத் தமிழே தெரியாதே?

பெங்களூர்க் கல்லூரி கொயர் என்றால் அப்படித்தான். நாலு குரல் வரிசையையும் மேலிருந்து கீழே பாருங்கள்: சோப்ரானோவில் கோவாக்காரப் பெண், ஆல்ட்டோவில் நாகா, டெனரில் கோட்டயம், பேஸில் மிசோரம். ஆனால் இதில் ஒரு வசதி உண்டு. தமிழ்ச் சபைகளில் வளர்ந்த பலரைப் போலவே மிசோ, நாகா பிள்ளைகளும் டானிக் சோல்ஃபாவில், அதாவது ஸ்வரங்களை டோ, ரே, மீ என்று எழுத்தில் எழுதும் முறையில், வளர்ந்தவர்கள். நாலு பார்ட்டையும் சோல்ஃபாவில் எழுதிக் கொடுத்தால், ஐந்து கோட்டு நோட்டைப் பார்த்துத் திணறும் நம் பையன் பக்கத்தில் இருக்கும் மிசோ பையனோடு சேர்ந்து முதல் தடவையிலேயே பாடிவிடுவான். ஐந்து கோட்டு நோட்டு மட்டும் படிக்கிறவர்களுக்கு வேறு பிரதி கொடுங்கள்; சண்டை வேண்டாம்.

உச்சரிப்புக்கு மட்டும் தனி நேரம் ஒதுக்குங்கள். 'ழ' வராதவர்களை நாக்கை மடக்கு, உருட்டு என்று வாட்டுவதில் பயனில்லை. அந்த எழுத்தை நீட்டிப் பிடிக்கும் இடம் வந்தால் தமிழ்ப் பிள்ளைகள் சத்தமாகவும் மற்றவர்கள் மெதுவாகவும் பாடட்டும். 'வாழ்க' என்பதை 'வால்கா' என்று முழு பலத்தோடு பாடும் பேஸ் வரிசையை ஒருமுறை கேட்டால் நான் சொல்வது புரியும்.

மகனுக்கு இனிஷியல் மட்டும்தான், சர்நேம் கிடையாது. பிரச்சினை வருமா?

பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ, அதுதான் பெயர். கல்லூரி ஐடியில் இருப்பது, ஞானஸ்நானச் சான்றிதழில் இருப்பது எதுவும் கணக்கில்லை. புதிதாக பாஸ்போர்ட் எடுக்கிறவர்கள் லால்பாக் சாலையிலோ மாரத்தஹள்ளியிலோ உள்ள சேவா கேந்திராவுக்குப் போவதற்கு முன்பே இனிஷியலை விரித்து, அப்பா பெயரைச் சர்நேம் கட்டத்தில் போட்டுவிட்டால் பின்னால் நிம்மதி. ஏற்கெனவே சர்நேம் காலியாக எடுத்தவர்கள் பயப்பட வேண்டாம். டிக்கெட்டில் அந்தக் கட்டத்தை எப்படி நிரப்புவது என்று விமானக் கம்பெனிக்குக் கம்பெனி ஒரு வழக்கம் இருக்கிறது, ஏஜென்ட்டிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அமெரிக்க விசாவில் முழுப் பெயரும் சர்நேம் இடத்துக்குப் போய், பெயர் இடத்தில் 'எஃப்.என்.யு.' என்று வரும். பெயர் தெரியவில்லை என்று அர்த்தம். பார்த்துப் பதற வேண்டாம்.

விசாவுக்கு என்ன வேண்டும்? எப்போது ஆரம்பிப்பது?

ஜெர்மனி, ஆஸ்திரியா போன்ற பெரும்பாலான ஐரோப்பிய நாடுகளுக்கு ஷெங்கன் விசா. எந்த 180 நாளை எடுத்தாலும் அதில் 90 நாள் வரை தங்கலாம். கொயர் பயணத்துக்குத் தாராளம். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம், கடைசிக் கெடு 15 நாள் முன்பு. கடைசிக் கெடுவை மறந்துவிடுங்கள். கோடை சீசனில் முப்பது பேருக்கு ஒரே வாரத்தில் அப்பாயின்ட்மென்ட் கிடைப்பது குதிரைக்கொம்பு. கைரேகை கொடுக்க ஒவ்வொருவரும் நேரில்தான் போக வேண்டும். பாஸ்போர்ட் பத்து வருடத்துக்குள் வழங்கப்பட்டதாக, திரும்பிய பிறகும் மூன்று மாதம் செல்லுபடியாவதாக, இரண்டு பக்கம் காலியாக இருக்க வேண்டும். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு. பல நாடுகள் போனால், அதிக நாள் தங்கும் நாட்டின் தூதரகத்துக்கு விண்ணப்பம்.

கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ. ஆனால் படிப்பு சார்ந்த பயணமாகப் போகும் மாணவர்களுக்கும் உடன்வரும் ஆசிரியர்களுக்கும் விசாக் கட்டணம் கிடையாது என்று விதி இருக்கிறது. லாப நோக்கமில்லாத அமைப்புகளின் கலை நிகழ்ச்சிக்குப் போகும் 25 வயதுக்குட்பட்ட பிரதிநிதிகளுக்கும் விலக்கு தரலாம். நம் பயணம் இதில் அடங்குமா என்று கல்லூரி லெட்டர்ஹெட்டில் முன்கூட்டியே தூதரகத்துக்கு எழுதிக் கேளுங்கள். கேட்காமல் யாரும் தரமாட்டார்கள். விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் எப்படியும் உண்டு.

பெற்றோர் அதிகம் கவலைப்படுவது பேங்க் பேலன்ஸைப் பற்றி. அதைவிட முக்கியம் அழைப்புக் கடிதம். எந்தத் தேதியில் எந்த ஊரில் பாடுகிறோம், யார் வீட்டில் தங்குகிறோம், எந்தச் செலவு யாருடையது, பாடுவதற்குச் சம்பளம் உண்டா இல்லையா, இவ்வளவும் அதில் தெளிவாக வேண்டும். சம்பளம் இல்லை என்றால் இல்லை என்றே எழுதச் சொல்லுங்கள். விசாவுக்கு முந்தின வாரம் கடன் வாங்கிக் கணக்கில் போட்ட பணத்தை அதிகாரி ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுவார்.

முதல் வருடப் பிள்ளைகளில் சிலருக்கு இன்னும் 18 ஆகியிருக்காது. அவர்களுக்கு அப்பா, அம்மா இருவரின் சம்மதக் கடிதமும் வேண்டும். அப்பா துபாயில் இருக்கிறார் என்றால் அந்தக் கையெழுத்துக்கே மூன்று வாரம் வைத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்கா என்றால், தொழில்முறையில் இல்லாமல் சம்பளம் வாங்காமல் பாடுகிறவர்கள் சாதாரணச் சுற்றுலா விசாவிலேயே போகலாம். நேர்காணலுக்கு சென்னைக்கோ ஹைதராபாத்துக்கோ போகத் தயாராக இருங்கள்.

பி.இ.எல்.லில் வேலை பார்க்கும் பழைய மாணவர் டெனருக்கு வருகிறார். அவருக்கும் இதே பேப்பர்தானா?

இல்லை. யாரும் யோசிக்காத இடம் இது. பெங்களூர்த் தமிழ்ச் சபைகளில் எச்.ஏ.எல்., பி.இ.எல்., பி.இ.எம்.எல். என்று மத்திய அரசு நிறுவன ஆட்கள் இல்லாத கொயரே கிடையாது. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் 2010-இன்படி அரசு ஊழியர்களும் அரசுக்குச் சொந்தமான நிறுவனங்களின் ஊழியர்களும் வெளிநாட்டு அமைப்பின் செலவில் டிக்கெட், தங்குமிடம், சாப்பாடு ஏற்பதற்கு முன் மத்திய உள்துறை அமைச்சகத்தின் அனுமதி வாங்க வேண்டும். எஃப்.சி.-2 என்ற படிவம், ஆன்லைனில். மாணவர்களுக்கும் தனியார் வேலையில் இருப்பவர்களுக்கும் இது கிடையாது. அவர் தன் செலவிலேயே வந்தால் இந்தப் படிவம் தேவைப்படாது. ஆபீஸில் வாங்க வேண்டிய அனுமதி மட்டும்.

நிகழ்ச்சி முடிவில் காணிக்கை எடுப்பார்களாமே? அதை வாங்கிக்கொண்டு வரலாமா?

கச்சேரி முடிந்து வாசலில் ஒரு கூடை இருக்கும். கைகுலுக்கிவிட்டு நோட்டைப் போட்டுப் போவார்கள். நல்ல மனசுதான். சிக்கல் அங்கிருந்துதான் ஆரம்பம். அந்தப் பணம் கல்லூரிக்கோ சபைக்கோ வந்தால் அது வெளிநாட்டு நன்கொடை. அதே சட்டத்தின்படிப் பதிவு இருக்க வேண்டும். இருந்தாலும் டெல்லி நாடாளுமன்றத் தெருவில் உள்ள ஸ்டேட் பாங்க் முதன்மைக் கிளையில் திறந்த தனிக் கணக்குக்கு மட்டுமே வரலாம். கொயர் மாஸ்டர் ஜிப்பா பாக்கெட்டில் வரக்கூடாது.

சுலபமான வழி, கூடைப் பணத்தைச் சபையே வைத்துக்கொண்டு நம் பஸ், ஹால், சாப்பாட்டுச் செலவை நேரடியாகக் கட்டிவிடுவது. மிச்சம் இருந்தால் அந்த ஊர்க் காரியம் ஏதாவதுக்குக் கொடுத்துவிடச் சொல்லுங்கள். இதைப் போகும் முன்பே மெயிலில் பேசி முடித்துவிட வேண்டும். வாசலில் நின்றுகொண்டு பேசுகிற பேச்சு இல்லை இது.

மொத்தம் எவ்வளவு ஆகும்?

வருடத்துக்கு வருடம் மாறும் விஷயம், தொகை சொல்லமாட்டேன். வழக்கமான ஏற்பாடு இது: விமானச் செலவு நம்முடையது, அங்கே இறங்கிய பிறகு ஆகும் செலவு கூப்பிட்டவர்களுடையது. பத்துப் பேருக்கு மேல் ஒரே விமானத்தில் போனால் குரூப் கட்டணம் கேட்கலாம். முன்பணம் கட்டி இடத்தைப் பிடித்துவிட்டு, பெயர்களைப் பின்னால் கொடுக்கும் வசதிதான் அதில் பெரிய லாபம். பணம் சேர்க்க டிசம்பர் மாதம்தான் காலம். கேரல் ரவுண்ட்ஸ், ஆலய வளாகத்தில் பிரியாணி கூப்பன், ஒரு டிக்கெட் கச்சேரி. கட்ட முடியாத பிள்ளைக்கு யார் கட்டினார்கள் என்பது பொருளாளருக்கு மட்டும் தெரிந்தால் போதும்.

பரீட்சை?

மே, ஜூன் ஜெர்மனியில் நல்ல காலம், இங்கே செமஸ்டர் பரீட்சைக் காலம். ஜூலை, ஆகஸ்டில் நமக்கு வசதி, அங்கே பள்ளி விடுமுறை. கொயர்களும் ஆயர்களும் ஊரில் இருக்கமாட்டார்கள். தேதியை இழுபறி செய்துதான் முடிக்க வேண்டும். அட்டெண்டன்ஸ் சலுகையைப் பிரின்சிபாலிடம் எழுத்தில் வாங்குங்கள், வாய்ச்சொல் வேண்டாம்.

நாங்கள் இந்துக்கள். மகள் பாடுவாள், ஆனால் ஆராதனையில் கலந்துகொள்ளக் கட்டாயப்படுத்துவார்களா?

மாட்டார்கள். எங்கள் கொயரில் எப்போதும் இந்துப் பிள்ளைகள் உண்டு. கச்சேரி வேறு, ஞாயிறு ஆராதனை வேறு. ஆராதனையில் கொயர் பாடும்போது அவளும் பாடுவாள். திருவிருந்துக்கு, அதாவது அப்பமும் திராட்சை ரசமும் வாங்க, எழுந்து போக வேண்டாம், இடத்திலேயே உட்கார்ந்திருக்கலாம். அங்கே பலரும் அப்படித்தான் உட்கார்ந்திருப்பார்கள்.

முன்பின் தெரியாதவர் வீட்டில் பெண்பிள்ளையைத் தங்கவைப்பதா?

ஒரு வீட்டுக்கு இரண்டு பேருக்குக் குறையாமல் அனுப்புவோம். வீட்டுக்காரர் பெயர், முகவரி, போன் எல்லாம் கிளம்பும் முன்பே பெற்றோர் கையில் இருக்கும். ராத்திரி உடன்வரும் டீச்சருக்கு மெசேஜ் போட்டாக வேண்டும். ஏதாவது சரியாகப் படவில்லை என்றால் காரணம் கேட்காமல் இடம் மாற்றுவோம். அதற்கென்று சபை மண்டபத்தில் மாற்று ஏற்பாடு இருக்கும். இதற்குமேல் கேள்வி இருந்தால் டீச்சரை நேரில் வந்து பாருங்கள் அம்மா.

பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை: ராத்திரி பத்துக்கு மேல் சத்தம் கூடாது. ரிகர்சலும் கூடாது, குளியலறையில்கூட. ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும், ஷாம்பு தீர்ந்தால் தீர்ந்ததுதான்.

சாப்பாட்டுக்கு என்ன கொடுத்தனுப்பலாம்?

ராத்திரிச் சாப்பாடு என்று குளிர்ந்த ரொட்டி, சீஸ், வெள்ளரிக்காய் வரும். அவர்கள் ஊரில் அது முழுச் சாப்பாடு. "மெயின் எப்ப வரும்" என்று காத்திருக்கக்கூடாது. புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, ஊறுகாய் கொடுத்தனுப்புங்கள், நன்றாக மூடி செக்-இன் பெட்டியில். நெய், பால்கோவா வேண்டாம். பால், இறைச்சிப் பொருள்களை ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பயணிகள் கொண்டுபோகத் தடை. கறிவேப்பிலைக்கும் மாம்பழத்துக்கும் தாவர நலச் சான்றிதழ் கேட்பார்கள். வேடிக்கை என்னவென்றால் கருவாட்டுக்குத் தடையில்லை, 20 கிலோ வரை அனுமதி. ஆனால் கொயரின் புடவைகள் இருக்கும் பெட்டியில் மட்டும் வைத்துவிடாதீர்கள்.

மிருதங்கம் கொண்டுபோகலாமா?

கொண்டுபோகலாம், கையோடு வைத்துக்கொள்ள அனுமதி முன்பே வாங்கிவிட்டு. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து என்றால் தோல் வாத்தியத்தைக் கட்டாயம் அறிவிக்க வேண்டும். ஆனால் நான் கவலைப்படுவது கஸ்டம்ஸைப் பற்றி அல்ல. அந்த ஊர்ப் பெரிய கல் ஆலயங்களில் ஒரு சத்தம் நான்கைந்து விநாடி நிற்கும். நம் ரிகர்சல் ரூமில் மின்னலாகக் கேட்ட சொற்கட்டு அங்கே ஒன்றின்மேல் ஒன்று விழுந்து குழம்பாகிவிடும். போன உடனே ஒருவரைக் கடைசி பெஞ்சில் உட்காரவைத்துப் பாடிப் பாருங்கள். வாத்தியக்காரரிடம் சொற்களைக் குறைக்கச் சொல்லுங்கள், கொயர் வேகத்தைக் குறைக்கட்டும், வரி முடிவில் வல்லினத்தை எல்லாரும் ஒரே நேரத்தில் வெட்டட்டும்.

ஆர்கனோடு பாடுவதானால் சுருதியை விசாரியுங்கள். 'ஏ' ஸ்வரம் 440 ஹெர்ட்ஸில் இருப்பதற்குப் பழகியவர்கள் நாம். ஜெர்மன் இசைக்குழுக்களில் 443 சகஜம். பாக் காலத்து முறையில் கட்டிய ஆர்கன் என்றால் கிட்டத்தட்ட அரை ஸ்வரம் மேலே நிற்கும். சோப்ரானோக்கள் அழுவார்கள்.

தொண்டை கட்டிக்கொள்ளாமல் இருக்க?

விமானத்துக்குள் காற்று ரொம்ப உலர்ந்தது. தண்ணீர் குடியுங்கள், கத்திப் பேசாதீர்கள், பாட்டு கேம் விளையாடாதீர்கள். இறங்கிய அன்றைக்குக் கச்சேரி ஒப்புக்கொள்ளவே கூடாது. கோடையில் ஜெர்மனி நமக்கு மூன்றரை மணி நேரம் பின்னால், சீக்கிரம் பழகிவிடும். அமெரிக்கக் கிழக்குக் கரை ஒன்பதரை மணி நேரம். மூன்று நாள் பாடு.

புடவையா, கவுனா?

புடவை. ஆனால் இருபது பெண்கள், ஒரே ஒரு கண்ணாடி உள்ள ஆயர் அறை, கச்சேரிக்கு அரை மணி நேரம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். மடிப்பைத் தைத்துவைத்த புடவை நல்லது. உள்ளே தெர்மல் போட இடம் வையுங்கள். மே மாதத்தில்கூடக் கல் ஆலயம் சில்லென்று இருக்கும்.

யாராவது திரும்பி வராமல் அங்கேயே தங்கிவிட்டால்?

அந்த ஒருவரால் அடுத்த தடவை மொத்தக் கொயருக்கும் விசா கஷ்டமாகும். கூப்பிட்ட சபைக்கும் கெட்ட பெயர். கல்லூரி உறுதிக் கடிதம் வாங்குவது இதற்குத்தான். கோபப்படாமல் கையெழுத்துப் போடுங்கள்.

ஏர்போர்ட்டுக்கு எத்தனை பேர் வரலாம்?

ஐரோப்பிய விமானங்கள் பெரும்பாலும் நள்ளிரவு தாண்டித்தான் கிளம்பும். டெர்மினல் 2 உள்ளே டிக்கெட் உள்ளவர்களுக்கு மட்டும்தான் வழி. பாட்டி, அத்தை, சபைப் பெரியவர்கள் எல்லாரும் கல்லூரி வளாகத்துக்கே வந்துவிடுங்கள். ஆயர் அங்கே ஜெபித்து அனுப்புவார். பஸ் சொன்ன நேரத்துக்குக் கிளம்பிவிடும், ஹெப்பால் டிராஃபிக்கை நம்பக்கூடாது. பாஸ்போர்ட்டைப் பையன் தானே வைத்துக்கொள்ளட்டும், அம்மா ஹேண்ட்பேக்கில் வேண்டாம்.